அஃறிணை மேல் வந்த ஆசை

இத்தாலியில் செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித்தான். உரும்பிராயில் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையால் வெங்காயம் ஏற்றிப் போகும் பெட்டி அது. சாக்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மோட்டார் சைக்கிளை நடுவில் நிறுத்தி, கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கறுத்தத் தோல் உடுப்பும் தோல் சப்பாத்துமாக, வியர்த்து ஒழுக, என் கணவரின் தங்கையுடைய மகன் உட்கார்ந்திருந்தான். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். கணினிக் கம்பனி ஒன்றில் வேலை. இன்னும் கலியாணம் ஆகவில்லை. அதனால்தான் இப்படி மோட்டார் சைக்கிளும் கையுமாகத் திரிகிறான் என்பது அவனுடைய தாயின் கட்சி. மோட்டார் சைக்கிளும் கையுமாகத் திரிவதால்தான் கலியாணம் ஆகவில்லை என்பது என் கட்சி.

கொழும்பில் விடியப்புறம் வெளிக்கிட்டு ஒரே ஓட்டமாக வந்தவன், நேரே எங்களிடம் வராமல் கீரிமலைக்குப் போயிருக்கிறான். கேணியைக் கண்டதும் தோல் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அரைக்காற்சட்டையோடு குதித்திருக்கிறான். மோட்டார் சைக்கிளின் சாவி காற்சட்டைப் பையில் இருந்திருக்கிறது. சாவி என்றால் துவாரத்தில் விட்டுத் திருகும் சாவி அல்ல. பையில் சும்மா கிடந்தாலே போதும், மோட்டார் சைக்கிள் அதை மோந்து பிடித்து, எசமான் வந்துவிட்டான் என்று கண்விழிக்கும். தீர்த்தத்தில் மூழ்கியெழுந்த சாவி சகல வினைகளும் நீங்கி முத்தியடைந்துவிட்டது. மோட்டார் சைக்கிளோ எசமானை ஆரென்றே தெரியாததுபோல நின்றுவிட்டது.

"மாமி, பைக்கிலை ஒரு பிழையும் இல்லை," என்றான் பெட்டியிலிருந்து இறங்க முன்பே. "சாவிதான் செத்துப்போச்சு."

"செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரித்தான் இருக்கிறாய். முதல் இறங்கிக் குளி."

"குளிக்கப் போய்த்தானே மாமி உது நடந்தது."

நாலு ஆம்பிளைகள் சேர்ந்து அதை இறக்கிப் போர்ட்டிக்கோவில் விட்டார்கள். வழக்கமாக அங்கே நிற்கும் என் ஸ்கூட்டர் முருங்கை மரத்தடிக்குப் போனது. மற்றச் சாவி கொழும்பில் அவனுடைய அறையில் இருந்தது. இரண்டு நாள் எங்களோடு நின்று, மாமாவோடு பனங்கிழங்கு தின்று, பஸ் ஏறிப் போனான். அடுத்த கிழமைக் கடைசியில் சாவியோடு வருவதாகச் சொன்னான்.

அவன் போனபின் முற்றத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன். இத்தாலி மோட்டார் சைக்கிள் எனக்குப் புதிதல்ல. எனக்குக் கலியாணம் நடந்ததே அப்படியொன்றினால்தான்.

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். எண்பதுகளின் நடுப்பகுதி. இப்போதிருப்பது என் பெற்றோரின் வளவில் நாங்கள் பின்னாளில் கட்டிய வீடு. அன்று அதே ஒழுங்கையால் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் இளம் எழுதுவினைஞர் ஒருவர் போய்வருவார். கப்பலில் இயந்திரவேலை பார்த்த அவருடைய பெரியப்பா, ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ விற்றதை வாங்கி, கப்பலில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, தம்பி பிள்ளை ஆசைப்படுவான் என்று தானே நினைத்துக்கொண்டு கொடுத்த மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படி இன்னொன்று இருந்ததாக நான் அறியேன்.

அது சந்தியில் திரும்பும்போதே எங்கள் வீட்டுக்குள் கேட்கும். ஒரே உரலில் இரண்டு பொம்பிளைகள் மாறி மாறி இடிப்பதுபோன்ற சத்தம். நீளமான சிவப்புத் தாங்கி. ஓட்டுபவரின் முழங்கால் பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் நிறம் போய் உலோகம் தெரியும். அதற்குக் கீழே இயந்திரம் எந்த வெட்கமும் இல்லாமல் எலும்பும் நரம்பும் வெளியே தெரிய நிற்கும். எங்கள் வேலிப் படலையடிக்கு வந்ததும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். அந்த எழுதுவினைஞர் அதைப் பூவரசு நிழலுக்கு உருட்டி, குந்தியிருந்து பிளக்கைக் கழற்றித் துடைப்பார். நான் கையில் புத்தகத்தோடு படலையடிக்கு வருவேன். அம்மா அவருக்குப் புளிப்பும் இனிப்புமாகத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுப்பா.

சூடாறும்போது இயந்திரம் டிக், டிக் என்று தனக்குள் கதைக்கும். சுட்ட எண்ணெயின் மணம் வரும். அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போன ஒரு நாள், ஆசையை அடக்க முடியாமல் நான் அதைத் தொட்டேன். சுட்டுவிட்டது. விரல் நுனியில் வந்த கொப்புளத்தை ரியூசன் வகுப்பில் கைலேஞ்சியால் மறைத்துக்கொண்டு திரிந்தேன். அது ஆறிப்போகக் கூடாதென்று கூட நினைத்தேன்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "உவன் ஏன் நெடுக எங்கடை படலையடியிலை நிக்கிறான்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அன்று பின்னேரம் குசினியில் வைத்து என்னிடம் மெல்லக் கேட்டா:

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உனக்குப் பிடிச்சிருக்கே?"

"ஓம் அம்மா. நல்ல வடிவா இருக்கு."

'இருக்கு' என்றுதான் சொன்னேன். 'இருக்கிறார்' என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து, எத்தனையோ பிள்ளைகளுக்கு உயர்திணை அஃறிணை சொல்லிக் கொடுத்தவள் நான். என் அம்மா அன்று திணையைக் கொஞ்சம் கவனித்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும். அவ கவனிக்கவில்லை. புரோக்கர் வந்தார், சாதகம் பொருந்தியது, நாள் குறித்தார்கள்.

நான் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருந்தது? மாப்பிள்ளை நல்ல மனிதர், அரசாங்க உத்தியோகம், குடிவெறி இல்லை. அதற்கு மேல் அந்த மோட்டார் சைக்கிள் என் வீட்டு வாசலிலேயே நிற்கப் போகிறது. பின்னால் இருந்து நல்லூருக்குப் போவதாகவும், கசூரினாக் கடற்கரைக்குப் போவதாகவும், அது இடையில் நின்றுவிட நானே பிளக்கைக் கழற்றுவதாகவும் கனவு கண்டுகொண்டு கூறைச்சேலை உடுத்தேன்.

நாலாம் சடங்கு முடிந்து கோயிலுக்குப் போகப் புகுந்த வீட்டு வாசலுக்கு வந்தேன். அங்கே சந்தனப் பொட்டு வைத்து, கைபிடியில் மஞ்சள் துணி கட்டி, ஜப்பான்காரனின் ஐம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. தபால்காரரும் குடும்பக் கட்டுப்பாட்டு மிஸ்ஸும் ஓடித்திரிவார்களே, அது.

"மற்றது எங்கை?" என்றேன். புருசனிடம் நானாக வாய் திறந்து கேட்ட முதற் கேள்வி அது.

"வித்துப்போட்டன்," என்றார், பெரிய தியாகம் செய்த முகத்தோடு. "குடும்பகாரனுக்கு உது சரிவராது. வவுனியாவிலை ஒரு மில்காரர் கேட்டுக்கொண்டிருந்தவர்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியார் பக்கத்து வீட்டாரிடம், "பாவம், தாய் தேப்பனை நினைச்சு அழுகுது," என்று சொன்னது காதில் விழுந்தது.

அந்த ஐம்பது சிசியைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். யுத்தத்தில் பெற்றோல் வராத காலத்தில் பிளக்கடியில் இரண்டு துளி பெற்றோலைக் காட்டி ஏமாற்றி, மிச்சமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. ஊரோடு இடம்பெயர்ந்து போனபோது என்னையும் மாமியாரையும் ஒரு அரிசி மூட்டையையும் சாவகச்சேரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. நானும் அதில்தான் ஓடப் பழகினேன், அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்த இத்தாலிக்காரனுக்கு மண்ணெண்ணெய் காட்டியிருந்தால் படலையடியிலேயே உயிரை விட்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஐம்பது சிசிக்கு நான் நன்றியுள்ளவளாகவே இருந்தேன். ஆனால் ஒரு நாளாவது அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனதில்லை.

ஆகவே இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு இத்தாலி மோட்டார் சைக்கிள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வீடு தேடி வந்திருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில், முற்றத்தில் நின்று, நெஞ்சு பதைக்கப் போகிறதென்று காத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. முன்பக்கம் குளவியின் தலை மாதிரி. பின்பக்கம் குளவியின் கொடுக்கு மாதிரி. இயந்திரத்தைக் காணவே இல்லை. சுற்றவரச் சிவப்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். கிட்டப் போய் மணந்தும் பார்த்தேன். புதுச் செருப்புக் கடை மணம்தான் வந்தது.

ஊர் பார்க்க வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் முதலில் வந்து, சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ரீச்சர், உது லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"ஒரு கடகம் வைச்சுக் கட்டவும் இடமில்லை. என்னத்துக்கு உவ்வளவு சிலவழிச்சவன்?" என்று சொல்லிவிட்டுப் போய், பின்னேரம் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அதனோடு நின்று படமெடுத்தார். அவருடைய மனைவிக்கு அதன் பின் இருக்கையில்தான் கவலை. உள்ளங்கை அகலந்தான் இருந்தது. "கலியாணம் கட்டினால் பொம்பிளையை எங்கை இருத்துறது?" என்றா. அது நியாயமான கேள்வி என்று எனக்கும் பட்டது.

அடுத்த ஒழுங்கைப் படப்பிடிப்புக்காரர் ஒரு மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் கொண்டுவந்து, "ரீச்சர், கலியாண அல்பத்துக்கு இரண்டே இரண்டு படம்," என்று கேட்டார். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு அதில் சாய்ந்து நின்றார். பொம்பிளை பத்தடி தள்ளி நின்று ஏக்கத்தோடு பார்க்க வேண்டுமாம்.

"ஆரைப் பாக்கிறது? அவரையோ, பைக்கையோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"எதைப் பாத்தாலும் படத்திலை ஒண்டுதான்," என்றார் படப்பிடிப்புக்காரர்.

எனக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

இவர் மட்டும் பேசாமல் இருந்தார். என் கணவரைத்தான் சொல்கிறேன். கச்சேரியிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பவர். காலையில் வெறுந்தேநீரோடு வந்து, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கீழேயும் மேலேயும் பார்ப்பார். பழைய ஆசை திரும்பிவிட்டதாக்கும் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஒரு காலை நானும் தேநீரோடு போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"என்ன பாக்கிறியள்?"

"கழட்டுறதுக்கு ஒரு ஆணி இருக்கோ எண்டு பாக்கிறன். ஒண்டையும் காணேல்லை." அவருடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நல்ல சாமான். நிண்டால் ஆரும் உன்னைத் திருத்தச் சொல்லிக் கேக்கமாட்டினம்."

"பழையதைப் பற்றி யோசிக்கிறியளாக்கும் எண்டு நினைச்சன்."

"பழையதோ?" தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அது எனக்கொரு பெரிய தலையிடி. பெரியப்பா தந்தது, விக்கவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது. கச்சேரிக்குப் போனால் சேட்டெல்லாம் எண்ணெய். கலியாணம் எண்டவுடனை நல்ல சாட்டொண்டு கிடைச்சுது, தள்ளிவிட்டன்."

நானும் என் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன்: "அப்ப எங்கடை படலையடியிலை நெடுக நிண்டது?"

"அது அவ்வளவு தூரந்தான் ஓடும். அங்கினை வர பிளக் கறுத்துப்போகும். பூவரசு நிழலும் இருந்துது."

"நிழலுக்கோ நிண்டனியள்?"

அவர் தலையைச் சொறிந்தார். கச்சேரியில் பழகியவர், எதையும் யோசித்துத்தான் சொல்வார். "நிழல் மட்டுமில்லை. கொம்மா தாற தேசிக்காய்த் தண்ணியும். அந்த ருசி பேந்து ஒரு இடத்திலையும் வரேல்லை."

"நான் படலையடிக்கு வாறனான், தெரியுந்தானே."

"தெரியும். பாவம், பிள்ளைக்கு என்னிலை விருப்பம் எண்டு விளங்கிச்சுது. அதாலைதான் புரோக்கர் கேக்க ஓம் எண்டனான். ஒரு பிள்ளையின்ரை மனதை நோகப் பண்ணக் கூடாது."

"நான் பாத்தது உங்களை இல்லை," என்றேன். "அதைத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போர்ட்டிக்கோவில் நின்ற சிவப்பைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டுந்தான் குலுங்கும். எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தோட்டக்காரரின் மனைவி, "என்ன ரீச்சர், காலமை வெள்ளணப் பகிடி?" என்று கேட்டா. என்னத்தைச் சொல்ல? ஒரு பூவரசும் ஒரு தேசிமரமும் ஒரு ஊத்தைப் பிளக்கும் சேர்ந்து எங்கள் இருவருக்கும் கலியாணம் செய்து வைத்திருக்கின்றன. எங்கள் இருவருக்கும் அதில் ஒரு பங்கும் இல்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மருமகன் சாவியோடு வந்து இறங்கினான். தேநீர்கூடக் குடிக்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டப் போனான். குளவித் தலையில் இரண்டு கண்கள் திறந்தன. கைபிடிக்கு நடுவில் சின்னத் திரை விளங்கி, அவனுடைய பெயரைச் சொல்லி வரவேற்றது. பொத்தானை ஒருமுறை அமர்த்தினான், உடனே இயங்கியது. கூரையிலிருந்த காகங்கள் எழும்பின. எனக்குள் ஒன்றும் எழும்பவில்லை.

"மாமி, ஒருக்கா ஏறி ஓடிப் பாருங்கோ," என்றான்.

"எனக்கு ஸ்கூட்டர் காணும்."

"சும்மா பயப்பிடாதேங்கோ. மழைக்கெண்டு ஒரு மோட் இருக்கு, அதிலை போட்டுவிடுறன். சக்தியைக் குறைச்சுப்போடும். நீங்கள் விழப் பாத்தாலும் அது விழ விடாது."

"அப்ப உன்ரை மாமா மாதிரி எண்டு சொல்லு."

இவர் கோப்பைக்குள் பார்த்தார்.

விழ விடாது என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழையது யாரையும் விழுத்தும். அந்த அளவுக்காவது அது நம்மை மதித்தது. இது என்ன அப்படிப் பெரிய காவல்காரன் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. உள்ளே போய்ச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தேன். அதன் இருக்கை என் இடுப்பளவு உயரம். நானோ மேசையில் ஏறிப் பரணில் சாமான் எடுக்கிற சாதி. படலையடி மதகுக் கட்டில் ஏறி நின்று, அங்கிருந்து காலைத் தூக்கிப் போட்டேன். மருமகன் பிடித்துக்கொண்டான். அவனுடைய தலைக்கவசம் எனக்குக் குடம் கவிழ்த்ததுபோல இருந்தது. கிளச்சை விடும்போது இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை நகர்ந்தது.

"ஒழுங்கை முடிவுமட்டும் போய்த் திருப்பிக்கொண்டு வாங்கோ! கியர் போடக் கிளச் பிடிக்கத் தேவையில்லை, காலாலை தட்டினால் காணும்!" என்று பின்னால் கத்தினான்.

ஒழுங்கை முடிவில்தான் விசயம் விளங்கியது. இந்த வகை மோட்டார் சைக்கிளின் கைபிடி திரும்பாது. கொஞ்சம் திரும்பிவிட்டு, இவ்வளவுதான் என்று முட்டிக்கொண்டு நிற்கும். உரும்பிராய் ஒழுங்கையில் வட்டமடிப்பதை இத்தாலியில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நிற்பாட்டலாம் என்றால் கால் நிலத்தில் எட்டாது. பெருவிரல் நுனிதான் தொடும், அதை நம்பி இவ்வளவு பாரத்தைச் சாய்க்க ஏலாது. வேலி கிட்ட வந்துகொண்டிருந்தது. வீதியில் வாகனம் ஒன்றும் இல்லை. கோப்பாய்ப் பக்கமாகச் சாய்ந்து வீதிக்கு ஏறிவிட்டேன்.

ஆக, நான் ஓடியது துணிச்சலில் அல்ல. நிற்கப் பயந்து ஓடினேன்.

கோப்பாய் வரை அது என்னோடு முரண்டு பிடித்தது. மெல்லப் போனால் அதற்குப் பிடிக்கவில்லை. கடைசி வாங்குப் பெடியன் மாதிரி உறுமிக்கொண்டும் உதறிக்கொண்டும் வந்தது. சந்தியில் நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரர் என்னைக் கண்டதும் மற்றப் பக்க வாகனங்களை மறித்து எனக்கு வழிவிட்டார். ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையை ஆட்டி நன்றி சொல்லப் போய், தலைக்கவசம் கண்ணை மறைத்துவிட்டது. மறைத்தபடியே பருத்தித்துறை வீதியில் திரும்பினேன்.

நீர்வேலியில் வாழைத்தோட்டங்கள் இரண்டு பக்கமும் வந்தன. காலால் தட்டினேன். இன்னும் இரண்டுமுறை தட்டினேன். வேகம் கூட அதன் உறுமல் அடங்கி, ஒரே சீரான இழுப்பாக மாறியது. சூடு ஏறத் தொடங்கியது. அந்தச் சிவப்புத் தகடுகளுக்குள் ஒளித்து வைத்திருந்த இயந்திரத்தின் சூடு இரண்டு தொடையிலும் வந்து சுட்டது. நான் காலை அகட்டவில்லை. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. குனிந்தேன். குனிந்ததும் அந்தக் குளவித் தலை காற்றை எனக்கு மேலால் அனுப்பிவிட்டது. புத்தூர்ச் சந்தியில் நின்ற ரியூசன் பிள்ளைகள் ஏதோ கத்தினார்கள், திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

புத்தூர் கழிந்தபோது எனக்கொரு கவலை வந்தது. நிற்பாட்டுவது எப்படி என்ற கவலை அல்ல. வல்லை வெளி வந்துவிடப் போகிறதே, அங்கே மதகுக் கட்டு இருக்கிறது, அதில் காலை ஊன்றி நிற்பாட்டலாமே என்று. நிற்பாட்ட வழி தெரிந்துவிட்டதே என்ற கவலை. விரலில் கொப்புளத்தோடு ரியூசனுக்குப் போன பிள்ளைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நின்று பார்த்தபோது வராதது ஓடும்போது வந்தது. பழையதை நான் ஒருநாளும் ஓடியதில்லை. புதியதை நிற்கவைத்துப் பார்த்து ஒன்றுமில்லையென்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரண்டிலும் அரைவாசிதான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வல்லை வெளியில் காற்று பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். கட்டைப் பார்த்து இடது காலை ஊன்றினேன். கிளச் பிடிக்க மறந்ததில் அதுவாகவே நின்றுவிட்டது. இறங்கத் தெரியவில்லை. அப்படியே ஏறியபடி, கட்டில் ஒரு காலும் பெடலில் ஒரு காலுமாக, ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வீச்சுவலையோடு தண்ணீருக்குள் நின்ற இருவர் வீசாமல் என்னையே பார்த்தார்கள்.

என் ஸ்கூட்டரில் இவரும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். இவர் ஓட்டினார், சாரம் காற்றில் பறந்தது. மருமகன் பின்னால் இருந்தான். இறங்கியதும் மருமகன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இவர் என்னைச் சுற்றிப் பார்த்தார், பிறகும் என்னைத்தான் பார்த்தார்.

"ஏனப்பா நிப்பாட்டேல்லை?"

"கால் எட்டேல்லை."

"மாமி, இரண்டாம் கியருக்கும் போட்டனீங்களோ?" என்று மருமகன் கேட்டான்.

"நாலு."

இவர் மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். வலைக்காரர் ஒருவர் கரைக்கு வந்து அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பின்னேரத்துக்குள் ஊரில் கதை வளர்ந்துவிட்டது. ரீச்சர் பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பினவவாம், பொலிஸ் மறிக்க நிற்காமல் போனவவாம், ஓய்வூதியம் எடுத்தபின் மனுசிக்குத் துணிவு வந்துவிட்டதாம். கால் எட்டவில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பிறகு சொல்வதையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் மருமகன் அதில் ஏறிக் கொழும்புக்குப் போனான். போர்ட்டிக்கோ வெறுமையாய்க் கிடந்தது. முருங்கையடியில் நின்ற ஸ்கூட்டரை எடுத்து அங்கே விட எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நின்று அதன் இருக்கை வெடித்தது.

சில மாதம் கழித்துத் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னான்: "மாமி, அதை வித்துப்போட்டன்."

"ஏன் வித்தனி?"

"அது பழசாப்போச்சு மாமி. புது மொடல் வருது. இன்னும் சக்தி கூட, இன்னும் பாரம் குறைவு."

"வாங்கி எத்தினை வருசம்?"

"இரண்டு."

"இரண்டு வருசத்திலை பழசோ? உன்ரை மாமா எத்தினை வருசமா இருக்கிறார், நான் வித்தனானோ?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதியதன் படத்தை அனுப்பினான். நான் அதைத் திறந்து பார்க்கமாட்டேன் என்று இருந்தேன். அன்று சமைத்த கறிக்கு உப்பும் போடவில்லை. "என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று இவர் கேட்டார். படுக்கப் போக முன் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம். கிட்டத்தட்டப் பறக்கிற மாதிரி நின்றது.

தீபாவளிக்கு அதில்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்தமுறை கீரிமலைக்குப் போகமாட்டானாம்.

போன கிழமை ஒரு காலை, இவர் மேசனைக் கூட்டிக்கொண்டு வந்து போர்ட்டிக்கோ ஓரத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். சீமெந்துப் படி ஒன்று கட்டப் போகிறாராம். முழங்கால் ஏலாதாம், வாசலில் ஏறி இறங்கக் கஷ்டமாம். வாசலுக்கு ஏற்கெனவே படி இருக்கிறது. புதுப்படிக்குக் கீறிய கோடு அதிலிருந்து விலகி, வண்டி விடுகிற பக்கமாக, ஒரு பக்கமும் போய்ச் சேராமல் நின்றது. மேசன் நூல் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மாமரத்தடிக்குப் போய் மெல்லிய குரலில் தொலைபேசியில் கேட்பது கேட்டது: "தம்பி, புதுசின்ரை இருக்கை எவ்வளவு உயரம் எண்டனி?"

கேட்காத மாதிரி உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். மேசன் குடித்துவிட்டுக் கல்லை வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ," என்றேன்.